மஞ்சு இறங்கினால் நிற்க வேண்டும்

ஒரு சிவப்புக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அது யார் வீட்டுக் கதவு என்று தெரியாது. கையில் ஒரு பை. பைக்குள் கொஞ்சம் வெங்காயம், ஒரு ரொட்டி, ஒரு பால் புட்டி. இடது கால் ஷூவின் கயிறு அவிழ்ந்து தரையில் கிடந்தது.

அந்தக் கயிறுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நாற்பத்தைந்து வயது வரை நான் கயிறு வைத்த ஷூ போட்டதில்லை. தேயிலை ஃபேக்டரியில் செருப்பு, மழைக்காலத்தில் ரப்பர் பூட்ஸ். இங்கிலாந்து போகிறோம் என்று குமுளியில் வாங்கிய ஷூ அது. தினமும் காலையில் என் மனைவி மகேஸ்வரிதான் குனிந்து கட்டிவிடுவாள். அன்று தெருவில் அவிழ்ந்தபோது, நடுத்தெருவில் பெண்டாட்டியைக் கயிறு கட்டச் சொல்ல வெட்கமாக இருந்தது. நானே குனிந்து கட்டிப் பார்த்தேன். வரவில்லை. இன்னொரு முறை பார்த்தேன். நிமிர்ந்தபோது மகேஸ்வரியும் மகள் கீர்த்தியும் முன்னால் இல்லை.

சுற்றிலும் வெள்ளை. எங்கள் வண்டிப்பெரியார் பக்கம் இதை மஞ்சு என்போம். மலையிலிருந்து இறங்கி, பக்கத்தில் நிற்கிற ஆளையும் மறைத்துவிடும். அந்த ஊரில் அதற்கு என்ன பேரோ. ஷெஃபீல்டு என்கிற அந்த நகரத்துக்கு நாங்கள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பையைத் தரையில் வைக்காமல் நின்றேன். நகரவில்லை. கூப்பிடவும் இல்லை.

இங்கேயும் லயம்

விமானத்தில் வந்த கதையைப் போன வாரம் சொல்லிவிட்டேன். வந்து இறங்கியதும் எங்களுக்குக் கிடைத்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செங்கல் வீடுகள். ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒரே சுவர், ஒரே கூரை, மேட்டிலிருந்து பள்ளம் வரை நீளமாக ஒரு வரிசை. அதற்குக் கீழே இன்னொரு வரிசை. அதற்கும் கீழே இன்னொன்று. கார் அந்தத் தெருவில் திரும்பியதும் மகேஸ்வரி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "மச்சான், இவ்வளவு தூரம் பறந்து வந்தும் நம்மள லயத்துலதான் கொண்டாந்து விட்டிருக்காங்க."

எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்குத்தான் லயம் என்று பேர். நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது அதில். அவள் என் அத்தை மகள். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வாசல் அவள் வீடு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் போகத் தூரமில்லாமல், ஃபேக்டரியைச் சுற்றிக்கொண்டு வந்தோம் என்று இன்றும் கேலி செய்வார்கள்.

ஆனால் லயத்தில் ஒருத்தர் இருமினால் மூணாவது வீட்டில் "மிளகு ரசம் வைக்கட்டுமா" என்று கேட்பார்கள். அங்கே சுவரில் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் ஒருவரும் உட்காரவில்லை. ஜன்னல்களில் திரை. திரைக்குப் பின்னால் விளக்கு. யாரோ இருக்கிறார்கள் என்று அந்த விளக்கை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள் காலையில் நான் எழவே இல்லை. பகல் ஏறிக் கீர்த்தி வந்து உலுக்கினாள். எனக்கு ஃபேக்டரி சங்கு ஊதினால்தான் கண் திறக்கும். பிறந்ததிலிருந்து அப்படி. அந்த ஊரில் யாரும் எனக்காக ஊதவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு நிரை

மகேஸ்வரி நர்ஸிங் படித்தவள். தேனியில் படித்து, கட்டப்பனையில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். ஷெஃபீல்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் நானும் கீர்த்தியும் தொற்றிக்கொண்டு போனோம். நான் பத்தாம் வகுப்பு. கீர்த்திக்கு அப்போது எட்டு வயது முடிந்திருந்தது.

திங்கட்கிழமை மகேஸ்வரி வேலைக்குப் போக வேண்டும். விடிவதற்குள் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்ப முடியும். அதே திங்கட்கிழமை கீர்த்திக்குப் பள்ளிக்கூடம். அவளைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் நான்தான். வேறு ஆள் கிடையாது.

இதைச் சொன்னபோது மகேஸ்வரி என்னை நேராகப் பார்க்கவில்லை. அரிசியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இந்த ஒரு வாரத்துல நீங்க தெருவப் பழகிக்கிடணும் மச்சான். முடியலன்னா சொல்லிருங்க. பிள்ளையையும் உங்களையும் ஊருக்கு அனுப்பிட்டு நான் மட்டும் இங்க இருந்துக்கிடுறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் அதை முன்பே யோசித்து வைத்திருக்கிறாள்.

அவள் என்னைச் சந்தேகப்பட்டது நியாயம். நான் கடைக்குப் போனால் கடைக்காரர் என்னைப் பார்க்கும் வரை காத்திருக்கிற ஆள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் "ஆளிறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவனை நம்பி, பாஷை தெரியாத ஊரில் ஒரு பெண் பிள்ளையை எப்படி விடுவாள்?

ஊரைப் பழகுவதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். கொழுந்து எடுக்கிற வழிதான். தேயிலைக் காட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை உண்டு, அதாவது செடிகளுக்கு இடையில் ஒரு வரிசை. ஓரத்தில் ஆரம்பித்து அந்த நிரையை முடித்துவிட்டுத்தான் அடுத்த நிரைக்குப் போக வேண்டும். பாதியில் அடுத்த நிரைக்குத் தாவினால், விட்டுப்போன கொழுந்து அப்படியே நிற்கும்.

அதே மாதிரி ஒரு நாளைக்கு ஒரு தெரு. முதல் நாள் எங்கள் தெருவின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை. மறுநாள் அடுத்த தெரு. எந்த வீட்டு வாசலில் உடைந்த பூந்தொட்டி இருக்கிறது, எந்த ஜன்னலில் பூனை படுத்திருக்கிறது, எந்தச் சுவரில் சைக்கிள் சாய்ந்திருக்கிறது, எல்லாம் பார்த்துக்கொண்டோம். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக நடப்போம். நடைபாதை அகலமாக இருந்தாலும் எங்களுக்கு அப்படித்தான் நடக்க வந்தது. எதிரில் வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு ஒதுங்குவார்கள்.

பள்ளிக்கூடம் நாலாவது தெருவின் முடிவில் இருந்தது. பச்சைக் கம்பி வேலி. கீர்த்தி வேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் அவள் அந்தப் பழக்கத்தை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை மகேஸ்வரி சமையலறை அலமாரியில் சாமி படத்தை வைத்து விளக்கேற்றினாள். சூடம் காட்டியதும் கூரையிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டு வீறிட்டு அலறத் தொடங்கிவிட்டது. என்ன என்று தெரியாமல் மூன்று பேரும் தெருவுக்கு ஓடினோம். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஒரு வயதான மனிதர், வீட்டுச் செருப்போடு, துடைப்பத்துடன் வந்தார். எங்களைத் தாண்டி உள்ளே போய்த் துடைப்பக் கட்டையால் அந்தத் தட்டை ஒரு குத்துக் குத்தினார். சத்தம் நின்றது. புகை பட்டால் கத்துகிற கருவி அது என்று பிறகுதான் தெரிந்தது. சாமி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்களுக்கு ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"சங்கு ஊதிட்டாங்கப்பா, வேலைக்குக் கிளம்புங்க" என்றாள் கீர்த்தி. அந்த வாரத்தில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

சனிக்கிழமை

சனிக்கிழமை நாங்கள் நிரை தாவினோம்.

மகேஸ்வரிக்கு வேலைக்குப் போட கறுப்புக் கால்சட்டை வேண்டும். அதற்காக டிராமில் ஏறி நகரத்துக்குள் போனோம். தெருவில் ரயில் ஓடுவதைக் கீர்த்தி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பெரிய சந்தை ஒன்றில் மீனை ஐஸில் அடுக்கி வைத்திருந்தார்கள். மீன் வாசம்கூட அடக்கமாகத்தான் வந்தது. ஒரு கடையில் தேயிலை டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். கடைக்காரப் பெண் என்னையே பார்த்தாள். உடனே வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது மஞ்சு இறங்கத் தொடங்கியிருந்தது. டிராம் ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. கணக்காக இறங்கியதாக நினைத்தோம். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டோம். டிராம் போன பிறகுதான் தெரிந்தது, இது நாங்கள் பார்த்து வைத்த தெருக்களில் ஒன்றும் இல்லை. அதே செங்கல், அதே வரிசை, ஆனால் பூந்தொட்டியும் இல்லை, பூனையும் இல்லை.

"மேட்ட பாத்து நடப்போம். நம்ம வீடு மேட்டுலதான்" என்றாள் மகேஸ்வரி. ஃபோன் அவளிடம் இருந்தது, ஆனால் சந்தையிலேயே சார்ஜ் தீர்ந்துவிட்டது. என்னிடம் இருந்தது ஊர் சிம் போட்ட ஃபோன். அங்கே அது மணி பார்க்கத்தான் உதவியது.

மேட்டைப் பார்த்து நடந்தோம். அவள் முன்னால், கீர்த்தி நடுவில், நான் கடைசியில். அப்போதுதான் கயிறு அவிழ்ந்தது.

அம்மாவின் நிரை

நான் ஏன் நகரவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகள் அம்மாமார்களோடு தேயிலைக் காட்டுக்குப் போவது வழக்கம். கை கொடுத்தால் கூடை சீக்கிரம் நிறையும். எங்கள் மலையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சு இறங்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் முன்னால் இருக்கிற செடி காணாமல் போய்விடும்.

அப்போது ஒரே சட்டம். நின்ற நிரையை விட்டு நகரக் கூடாது. ஒரு பக்கம் பள்ளம். இன்னொரு பக்கம் காடு. யானையும் காட்டெருமையும் வந்து நிற்கும். எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் ஒரு பெண் மஞ்சுக்குள் நடந்து பள்ளத்தில் விழுந்து, அதன் பிறகு கடைசி வரை காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். அவளைக் காட்டிக் காட்டித்தான் எங்களை வளர்த்தார்கள்.

வேலையாட்களை மேய்க்கிற கங்காணி மட்டும் நடப்பார். அவருக்கு அந்த மலை உள்ளங்கை மாதிரி. ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டே வருவார். பேர் கேட்டவர்கள் நின்ற இடத்திலிருந்து குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்து ஒவ்வொருவரையும் சேர்த்துக்கொள்வார்.

என் குரல் அவருக்குக் கேட்காது. நான் கொடுப்பேன், ஆனால் அது தொண்டையைத் தாண்டி வராது. அம்மா அடுத்த நிரையிலிருந்து கேட்பாள்: "ஏலே, குரல் குடுத்தியா? கேட்டுச்சா அவருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் எங்கிருந்தோ மகேஸ்வரி கத்துவாள். அவள் என்னைவிடச் சின்னவள். அவள் குரல் மஞ்சைக் கிழித்துக்கொண்டு போகும். "ரெண்டு பேரும் இங்கதான் நிக்கோம்!" அவள் ஒரு நிரையிலும் நான் வேறு நிரையிலும் இருப்போம். ஆனால் அவள் அப்படித்தான் சொல்வாள். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். "இப்பவே ரெண்டு பேருன்னு சொல்லுதா பாரு" என்பார்கள்.

பிறகு கல்யாணம் ஆயிற்று. ரேஷன் கடையில், பஞ்சாயத்து ஆபீஸில், கீர்த்தியைப் பள்ளியில் சேர்த்தபோது, விசாவுக்காகக் கொச்சியில் போய் நின்றபோது, எனக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள். எனக்கு அது குறையாகத் தெரிந்ததே இல்லை.

சிவப்புக் கதவு

ஆகவே நின்றேன். மகேஸ்வரி திரும்பி வருவாள், அல்லது குரல் கொடுப்பாள். நான் நின்ற இடத்தில் நின்றால் போதும்.

ஒரு நாயோடு ஒருவர் மஞ்சிலிருந்து வந்து மஞ்சுக்குள் போனார். போகும்போது ஏதோ கேட்டார். தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. தெருவிளக்கு எரிந்தது. அப்போது சாயங்காலம்கூட ஆகவில்லை.

சிவப்புக் கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் திரை கொஞ்சம் விலகியது. ஒரு முகம் என்னைப் பார்த்தது. அவர்கள் வீட்டை நோட்டம் பார்க்கிறேன் என்று நினைப்பார்களோ என்று இரண்டு அடி தள்ளி நின்றேன். அடுத்த நொடியே, நின்ற இடம் மாறிவிட்டதே, அவள் தேடி வந்தால் தவறிவிடுமே என்று பழைய இடத்துக்கே வந்தேன். திரை இன்னும் விலகியிருந்தது.

கை விறைத்துவிட்டது. திங்கட்கிழமையை நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு, பச்சை வேலிக்குள் கீர்த்தி மட்டும் பையை மாட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நான் இப்படி ஏதோ ஒரு கதவின் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவதுதான் நல்லது என்று அப்போது எனக்கே தோன்றிவிட்டது.

கூப்பிட்டிருக்கலாம். "மகேசு" என்று ஒரு குரல். வாயைத் திறந்தேன்கூட. அந்த வெள்ளைக்குள் என் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. மஞ்சிலிருந்து கீர்த்தி வந்தாள். தனியாக வந்தாள்.

"அப்பா, ஏன் இங்கயே நிக்கீங்க?"

"அம்மா எங்க?"

"அம்மாவும் நிக்கிறாங்க. அந்தா, அங்க." கையைக் காட்டினாள். "நீங்க வருவீங்கன்னு நிக்கிறாங்க."

அவள் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். நாலைந்து வாசல்தான் இருக்கும். ஒரு வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மகேஸ்வரி நின்றாள். இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள். 

 கீர்த்தியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மஞ்சுக்குள்ள நடக்கலாமா? எத்தன தடவ சொல்லியிருக்கேன், கைய விட்டுட்டு எங்க போன?"

"இங்க யானை இல்லம்மா" என்றாள் கீர்த்தி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்களும் நின்னு, அப்பாவும் நின்னு, எல்லாரும் நின்னா யாரு தேடறது?"



நடக்க ஆரம்பித்த பிறகு கேட்டேன்: "நீ ஒரு குரல் குடுத்திருக்கலாமே மகேசு?"



"ஜன்னல்ல ஆள் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க மச்சான். என்னன்னு கத்துறது."

அவளுக்கும் கூச்சம் வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மலைக்கே கேட்கிற அவள் குரலை அந்த ஊர் முதல் வாரத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டுவிட்டது. எனக்கும் சேர்த்துப் பேச இனி அவளிடம் குரல் இல்லை. அதை நினைத்ததும், மூன்று பேராக நடந்துகொண்டிருந்தபோதும், தனியாக நிற்கிற மாதிரியே இருந்தது.

பின்னால் ஒரு காலடி

ஞாயிற்றுக்கிழமை மகேஸ்வரி ஒரு சோதனை வைத்தாள். நானும் கீர்த்தியும் மட்டும் பள்ளிக்கூடம் வரை போய்த் திரும்ப வேண்டும். நான் முன்னால், கீர்த்தி பின்னால். அவள் வழி சொல்லக் கூடாது, கை காட்டக் கூடாது, வாயே திறக்கக் கூடாது.

"அவ சொன்னான்னு தெரிஞ்சா செல்லாது" என்றாள் மகேஸ்வரி. சிரிக்காமல்தான் சொன்னாள். நான் தோற்றால் துணிமணி அடுக்கலாம் என்று பெட்டியைக் கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்து வைத்திருந்தாள். அதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஷூ கயிற்றை இரண்டு முடிச்சாகக் கட்டிவிட்டாள். கிளம்பினோம்.

மஞ்சு இல்லை. நல்ல வெளிச்சம். பூந்தொட்டி வந்தது. பூனை இல்லை, ஆனால் அது படுக்கிற துணி ஜன்னலில் இருந்தது. மூன்றாவது தெரு வரை தடுமாற்றம் இல்லை. அங்கே ஒரு திருப்பத்தில் வலது பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரம் போனதும் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. பின்னால் காலடிச் சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கீர்த்தி திருப்பத்திலேயே நின்றாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா சொன்ன சட்டம் எதையும் அவள் மீறவில்லை.

திரும்பி வந்து இடது பக்கம் நடந்தேன். காலடிச் சத்தம் மறுபடி கூட வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகேஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள். கீர்த்தி முகத்தைப் பார்த்தாள். இரண்டிலும் என்ன கண்டாளோ. பெட்டியைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் முதல் ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கீர்த்தியைப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். யார் யாரைக் கொண்டுபோய் விட்டார்கள் என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும்.

நின்ற இடம்

பிறகு நான் மட்டும் ஊருக்குத் திரும்பி வந்ததை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லயத்து வீடு என் வேலையின் பேரில் இருக்கிறது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அந்த வீட்டில் அம்மா இருக்கிறாள். எனக்குத் தந்த லீவு முடிந்தது. மகேஸ்வரிக்குப் பகல் வேலை நேரம் குறைந்து, பள்ளிக்கூட நேரத்துக்குச் சரியாக வந்தது. அடுத்த தெருவில் ஒரு கோட்டயம் குடும்பமும் குடிவந்தது. அவர்கள் பிள்ளையோடு கீர்த்தி போய்வர ஆரம்பித்தாள். எல்லாம் பொருந்தி வந்தபோது, அங்கே பொருந்தாமல் மீந்து நின்றவன் நான் ஒருவன்தான்.

இப்போது இரண்டு மஞ்சுக்காலம் போய்விட்டது. ஃபேக்டரியில் இலையை வாட்டுகிற மாடியில் என் பழைய வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, ஃபோனை ஜன்னல் விளிம்பில் வைப்பேன். வீட்டில் அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்: "வந்துச்சா?"

மகேஸ்வரியின் அழைப்பு முதலில் தினமும் வந்தது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை. நானாகக் கூப்பிடுவதில்லை. அவளுக்கு அங்கே பகலா, வேலையா, பஸ்ஸிலா என்று தெரியாது. ஒருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் என்ன செய்வாள்? அவள் சௌகரியம் பார்த்துக் கூப்பிடட்டும். நான் இங்கேதானே இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கு முந்தைய ஞாயிறும் வரவில்லை.

"அவளுக்கு என்ன சோலியோ. கூப்பிடுவா. நீ நில்லு" என்றாள் அம்மா.

அன்று மத்தியானத்திலிருந்தே மஞ்சு. எதிர் லயம் தெரியவில்லை. ஜன்னலில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டிருக்கிறேன் என்பது திடீரென்று எனக்கே உறைத்தது. கையில் பை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபோனை எடுத்தேன். அவள் பேரை அழுத்தினேன். அடித்தது. வைத்துவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் எடுத்தது கீர்த்தி.

"அப்பாவா?" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "அம்மா, அப்பாவே கூப்பிடுறாரு" என்றாள். அவளுடைய தமிழில் இப்போது ஓர் இழுப்பு வந்திருக்கிறது.

மகேஸ்வரி ஓடி வந்த சத்தம் கேட்டது. மூச்சு வாங்கியது. "என்ன மச்சான், அத்தைக்கு ஏதும்…?"

"ஒண்ணுமில்ல. அம்மா நல்லாருக்கா. சும்மாதான் கூப்பிட்டேன்."

 

"நானும் ரெண்டு வாரமா ஃபோன கையில வச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். "ஷிப்ட் மாத்தியிருப்பாங்க, தூங்குவீங்க, எழுப்பக் கூடாதுன்னு. நீங்களா கூப்பிடட்டும்னு இருந்தேன்."

பின்னாலிருந்து கீர்த்தியின் குரல் வந்தது. "மறுபடியும் ரெண்டு பேரும் நின்னுட்டீங்களா?"

அதன் பிறகு என்ன பேசினோம் என்று நினைவில்லை. வெங்காய விலை, அம்மாவின் முழங்கால், கீர்த்தியின் புது ஷூ. வைக்கவே மனசில்லாமல் ஒன்றுமில்லாததை எல்லாம் பேசினோம். வைத்த பிறகு, ஜன்னலுக்கு வெளியே மஞ்சு அப்படியே இருந்தது. எதிர் லயம் இன்னும் தெரியவில்லை.

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"யாரு கூப்பிட்டா?"

"நான்தாம்மா."

"நீயா?"

ஆமாம் என்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பக்கத்து நிரையிலிருந்து கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"கேட்டுச்சா அவளுக்கு?"

"கேட்டுச்சும்மா" என்றேன்.